ஒத்துக்காதது: பசி

நான் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, தாமதம் என்றால் எத்தனை நிமிடம், அதற்கு ஓட்டுநர் சொன்ன காரணம் என்ன, இவ்வளவையும் எழுதி வைப்பதுதான் என் உத்தியோகம். இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களின் சாக்குப்போக்கைக் கேட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டு வருகிறேன். அதனால் இதையும் அப்படியே நேரவாரியாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரலாம், ஆனால் நேரம் தப்பாது.

எங்கள் மகளுக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கூப்பன் கொடுத்திருந்தார்கள். கடற்கரையோரம் இருக்கும் அந்தப் பெரிய நட்சத்திர ஓட்டலில், ஆசியா கண்டம் முழுவதையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்கிற உணவகத்தில், இரண்டு பேர் மதியம் சாப்பிடலாம். கல்யாண நாளுக்குக்கூட நீங்கள் எங்கேயும் போனதில்லை, போய் வாருங்கள் என்று எங்களிடம் நீட்டினாள். கல்யாண நாள் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பணிமனையில் நாலு மாதம் பிந்திய வண்டிக்குக் காரணம் கேட்க மாட்டார்கள், கழித்துக் கட்டிவிடுவார்கள். நாங்கள் போனோம்.

என் மனைவி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதினால் ஒன்று பத்துக்குள் முந்நூறு பேர் வயிறு நிறைந்து கை கழுவியாக வேண்டும். அவளுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். ஊசி உள்ளே போய்விட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். பிந்தினால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். முதலில் வியர்க்கும், பிறகு கை நடுங்கும், பிறகு பேச்சு குழறும், அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதற்காகவே அவள் கைப்பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஏழெட்டு மிட்டாயும் இருக்கும்.

முந்தின நாளே போன் போட்டு, சாப்பாடு சரியாக எத்தனை மணிக்கு மேசைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு உங்கள் பயணம் தொடங்கிவிடும் மேடம் என்றார்கள். பயணத்துக்கு இல்லை, சாப்பிடத்தான் வருகிறோம் என்று சொல்லிப் பார்த்தாள். அங்கே சாப்பாட்டை அப்படித்தான் சொல்வார்களாம். பயணம் என்றால் கிளம்பும் நேரம் ஒன்று, போய்ச் சேரும் நேரம் வேறொன்று. என் தொழிலில் இருப்பவனுக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஓட்டல் வெளி வாசலில் இருந்து உணவகத்துக்குப் பேட்டரி வண்டியில் ஒன்பது நிமிடம் ஆனது. வழியெல்லாம் புல்வெளி, செயற்கைக் குளம், மணலைச் சீப்பால் வாரியதுபோல் கோடு போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆள். பன்னிரண்டு பத்துக்கு ஒரு கறுப்புக் கதவின் முன்னால் இறக்கிவிட்டார்கள். கதவில் பெயர் இல்லை, மையால் இழுத்த ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தக் கோடுதான் பெயராம். அதை வாயால் சொல்லக் கூடாது, உணர வேண்டும் என்று கதவைத் திறந்தவர் சொன்னார். கடிதம் போடுகிறவன் முகவரியில் என்ன எழுதுவான் என்று கேட்க நினைத்தேன், மனைவி முழங்கையால் இடித்தாள்.

உள்ளே நுழைந்ததும் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண், இரண்டு கைகளையும் நீட்டி மனைவியின் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பிஸ்கட்டையும் மிட்டாயையும் இடுக்கியால் எடுத்து வெளியே வைத்தாள்.

"வெளியில இருந்து எந்தச் சுவையும் உள்ள வரக் கூடாதுங்க. உங்க நாக்கு எங்ககிட்ட வெறும் காகிதமா வரணும். அதுல நாங்க எழுதுவோம்."

தனக்குச் சர்க்கரை இருக்கிறது, அது மருந்து மாதிரி என்று மனைவி பொறுமையாக விளக்கினாள். மருந்து என்றால் டாக்டர் சீட்டு இருக்க வேண்டும் என்றாள் கையுறைப் பெண். ஆரஞ்சு மிட்டாய்க்குச் சீட்டு எழுதித் தரும் டாக்டரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. மிட்டாய்களைப் பளபளவென்று இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அடுக்கி, பூட்டி, பெட்டியைப் பார்த்து ஒரு தரம் குனிந்து வணங்கிவிட்டு, நாலாம் எண் டோக்கனை எங்களிடம் கொடுத்தாள். எங்களைப் பார்த்து யாரும் குனியவில்லை.

பன்னிரண்டு பதினைந்துக்கு மனைவி கழிவறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று அவர்கள் சொன்னதை நம்பிப் போட்டுக்கொண்டாள். இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு முப்பதுக்குப் பதினோராம் மேசையில் உட்கார்த்தினார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கப்பால் கடல். கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு நாரை ஒற்றைக் காலில், சிறகை விரித்து நின்றது. கண்ணாடியில் செய்ததோ என்று பார்த்தால், சர்க்கரையாம். எங்களுக்குப் பரிமாற வந்தவள் முப்பது வயதுக்காரி. பரிமாறுகிறவர் என்று சொல்லிவிடக் கூடாது, அங்கே அவர்கள் வழிகாட்டிகள். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாற்பத்தோரு நாள் ஆச்சு சார் இதைச் செய்ய. முழுக்க முழுக்கச் சர்க்கரைப் பாகு, வேற ஒரு துளி கலப்படம் இல்ல. பக்கத்துல போய் மூச்சு விட்டாக்கூட உருகிடும்."

"கொக்குக்குக் கால் சரியா இல்ல" என்று மனைவி என் காதில் சொன்னாள். அப்போது நன்றாகத்தான் இருந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தாறுக்கு வழிகாட்டி ஒரு டேப்லட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, உங்கள் உடம்புக்கு ஒத்துக்காதது ஏதாவது உண்டா என்று கேட்டாள். எல்லா நல்ல ஓட்டலிலும் இப்போது கேட்கிறார்களாம். மனைவி யோசிக்கவே இல்லை.

"எல்லாம் சாப்பிடுவேம்மா. பசி மட்டும்தான் எனக்கு ஒத்துக்காது."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மிகுந்த கவனத்தோடு டேப்லட்டில் தட்ட ஆரம்பித்தாள். அந்த டேப்லட்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது போலிருக்கிறது. பி, ஏ, எஸ், ஐ என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"ஒரு எஸ்ஸா, ரெண்டு எஸ்ஸா மேடம்?"

"எத்தனை எஸ் போட்டாலும் ஒண்ணுதாம்மா. சீக்கிரம் வந்தாப் போதும்."

"வந்தா என்ன ஆகும் மேடம்? அரிப்பா, வீக்கமா, மயக்கமா?"

"மயக்கம்."

"எவ்வளவு நேரத்துல?"

"அரை மணி, முக்கால் மணிக்குள்ள."

"உயிருக்கு ஆபத்து உண்டா?"

"உண்டும்மா" என்றாள் மனைவி. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையான பதில்.

டேப்லட் சிவப்பாக மினுங்கியது. வழிகாட்டியின் முகம் வெளுத்தது. விறுவிறுவென்று போய் ஒரு சிவப்பு விளக்கைக் கொண்டுவந்து எங்கள் மேசை நடுவில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். எனக்கு அந்த உணவகத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. பசி என்று சொன்னதும் சிவப்பு விளக்கு வைத்து ஓடுகிற இடத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? மனைவிக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. கேன்டீனில் பசி என்று யாராவது சொன்னால் வரிசையில் நில் என்போம், இவர்கள் எழுதிக்கொள்கிறார்கள் என்று வியந்தாள்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு முதல் கட்டம் வந்தது. ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் வெந்நீர். அதற்குத் தேநீருக்கு முந்தைய நீர் என்று பெயர். இதில் தேயிலை இல்லை, தேயிலை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது என்று வழிகாட்டி விளக்கினாள். மனைவி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, கேன்டீனில் இதில்தான் பாத்திரம் கழுவுவோம் என்றாள்.

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு எங்கேயோ ஒரு மணி அடித்தது. எல்லா மேசைக்கும் தட்டு வந்தது. பக்கத்து மேசைக்காரர் தட்டில் நெற்றிப் பொட்டு அளவுக்கு ஏதோ ஒன்று, கரும்பச்சைத் தாளில் சுற்றி இருந்தது. அவர் அதை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துவிட்டு, விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கும் தட்டு வந்தது. அதில் ஒன்றும் இல்லை. ஏதோ விளக்கம் வரும் என்று காத்திருந்தேன். உங்கள் மேசைக்குத் தனி நெறிமுறை, சமையலறையில் கூட்டம் நடக்கிறது என்றாள் வழிகாட்டி.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு மனைவியின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. அந்தக் கூடம் ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. நான் வழிகாட்டியைக் கூப்பிட்டு, மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும், ஒரு கைப்பிடி சோறு மட்டும் உடனே கொண்டுவாருங்கள் என்றேன்.

"சோறு ஏழாவது கட்டம் சார். ஆறு கட்டத்தைத் தாண்டாம சோத்தைப் பார்த்தா, அது உங்களுக்கு வெறும் சோறாத்தான் தெரியும்."

"எங்களுக்கு வெறும் சோறுதாம்மா வேணும்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பழம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். பழம் நாளை மதியம்தான் பழுக்கும், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறோம் என்றாள். என் உத்தியோகத்தைப் பழங்களுக்கும் ஒரு ஆள் பார்க்கிறான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குத் தலைமைச் சமையற்காரரே நேரில் வந்தார். பின்னால் நாலு பேர் குறிப்பேட்டோடு வந்தார்கள். அங்கே அவரை ஆசான் என்கிறார்கள். பல வருடம் பல நாட்டில் இருந்தவராம். தமிழ் பேசினார், ஆனால் குறிலும் நெடிலும் அவர் வாயில் ஒரே நீளத்துக்குத் தேய்ந்து போயிருந்தன. சிவப்பு விளக்கைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு ஆரம்பித்தார்.

"மேடம், உங்க குறிப்பைப் பார்த்தேன். என் வாழ்க்கையில இப்படி ஒரு சவால் வந்ததில்ல. பசிதான் எங்க சமையலோட ஆன்மா. பன்னிரண்டு கட்டத்துலயும் பசி இருக்கு. முதல்ல லேசா ஆரம்பிக்கும். கடைசியில நீங்க எழுந்து வீட்டுக்குப் போகும்போது, பசி மட்டும்தான் உங்களோட வரும்."

"அது தெரியுதுங்க" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"இந்தப் பசிக்காகத்தான் பெரிய பெரிய மனுஷங்க மாசக்கணக்கா காத்திருந்து வர்றாங்க. வெளிய கிடைக்கிற பசியெல்லாம் மட்டம். எங்களோடது குளிர்ந்த கடல்ல, பாறையில ஒட்டி வளர்றது. கையால பறிச்சு, நிழல்ல காய வெச்சு, விமானத்துல வருது. சோறு வேகுற தண்ணியிலகூட அதைத்தான் ஊற வைக்கிறோம். அதை எடுத்துட்டா உங்க தட்டுல வைக்க எங்ககிட்ட ஒண்ணுமே மிச்சமில்ல மேடம்."

பாறையில் ஒட்டி வளர்கிற பசி. நான் பக்கத்து மேசைக்காரரின் தட்டில் மிச்சம் கிடந்த கரும்பச்சைத் துணுக்கைப் பார்த்தேன். பிறகு வழிகாட்டி கையில் இருந்த டேப்லட்டில் அந்த நாலு ஆங்கில எழுத்தைப் பார்த்தேன். விளங்கிவிட்டது. கடற்பாசி. என் மனைவி பசி என்று சொன்னாள். வழிகாட்டி அதை ஆங்கில எழுத்தில் அடித்தாள். சமையலறையில் அதைப் படித்தவன் நடுவில் ஒரு துணைக்காலைச் சேர்த்துப் பாசி என்று எடுத்துக்கொண்டான். பாசி பட்டால் செத்துவிடுவாள் என்று பயந்து, பசி பொறுக்காதவளை முக்கால் மணி நேரமாகப் பட்டினி போட்டிருக்கிறார்கள்.

ஆசானிடம் சொன்னேன். பாசி இல்லை ஐயா, பசி, வயிற்றில் வருவது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் பின்னால் நின்ற நாலு பேரையும் திரும்பிப் பார்த்தார். நாலு பேரும் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். வயிற்றில் வரும் பசியைப் பற்றி அங்கே யாரும் குறிப்பு எடுத்து வைத்திருக்கவில்லை. இது தன் துறை இல்லை என்று சொல்லி மேலாளரை வரவழைத்தார்.

ஒன்று நாலுக்கு மேலாளர் வந்தார். சட்டையில் அனுபவ மேலாளர் என்று பட்டை குத்தியிருந்தது. சாப்பாட்டுக்கு அங்கே மேலாளர் கிடையாது, அனுபவத்துக்குத்தான். நான் முதலில் இருந்து சொன்னேன். அவர் டேப்லட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மிக மென்மையாகப் பேசினார்.

"லிஸ்ட்ல இருக்கிறது பாசி சார். பசி எங்க லிஸ்ட்லயே இல்ல. லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு மேடத்துக்கு ஒத்துக்காம இருக்க முடியாது."

"சரி, பாசி அவளுக்கு நல்லாவே ஒத்துக்கும். அழிச்சிட்டுச் சாப்பாட்டைக் கொண்டு வாங்க."

"உயிருக்கு ஆபத்துன்னு பதிவானதை அழிக்கணும்னா டாக்டர் சான்றிதழ் வேணும். விருந்தினர் சொல்றதை வெச்சு அழிக்கக் கூடாது, ஆசையில பொய் சொல்வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க சார். இங்க ஒரு விருந்தினர் பட்டினியா இருந்துட்டுப் போகலாம். ஆனா எங்க பதிவு தப்பாப் போகக் கூடாது."

தாமதத்துக்கு ஆயிரம் காரணம் கேட்டவன் நான். டயர் வெடித்தது, மாடு குறுக்கே வந்தது, மாமியார் செத்துப்போனார், அதே மாமியார் மறுபடியும் செத்துப்போனார். இவ்வளவு சுத்தமான ஒரு காரணத்தை எந்த ஓட்டுநரும் என்னிடம் சொன்னதில்லை.

ஒன்று ஏழுக்கு மனைவியின் கை நடுங்க ஆரம்பித்தது. சாப்பிடுவதற்கு மேசையில் வைத்திருந்த குச்சிகள் உருண்டு கீழே விழுந்தன. நான் ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்டேன். தருவதற்கு அங்கே சர்க்கரையே இல்லையாம். வெள்ளைச் சர்க்கரை நாக்கை அவமதிப்பது என்று ஆசான் ஐந்து வருடம் முன்பே விலக்கிவிட்டாராம். நாரையைக் காட்டினேன். அது கலை என்றார்கள். நாலாம் எண் டோக்கனை மேலாளர் முன்னால் வைத்து, மிட்டாயையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். பெட்டியின் சாவி கையுறைப் பெண்ணிடம் இருக்கிறது, அவள் இல்லை என்றார்.

"எங்க போனாங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்க சார். ஒரு மணிக்கு அவங்க சாப்பாட்டு நேரம். நேரம் தவறினா அவங்களுக்கு மயக்கம் வந்துடும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னேன். வெளி வாசலுக்குள் சத்தம் போடும் வண்டி வரக் கூடாது, பேட்டரி வண்டியை அனுப்புகிறோம் என்றார். ஒன்பது நிமிடம் போக, ஒன்பது நிமிடம் வர. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி பேசினாள். யாரிடம் பேசுகிறாள் என்று தெரியவில்லை.

"சங்கு ஊதியாச்சு... முந்நூறு பேர் நிக்கிறாங்க... தட்டு எடுங்க... தட்டு எடுங்கன்னு சொல்றேன்ல..."

நாக்கு குழறியது. கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. முப்பது வருடம் யார் யாருக்கோ நேரத்துக்குச் சோறு போட்டவள், எல்லாம் தெரிந்த பெரிய மனிதர்கள் சுற்றி நிற்க, ஒரு காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தட்டு எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் நான் வெறுத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரரையும் சேர்த்துத்தான்.

மணி ஒன்று பத்து. கேன்டீனில் முந்நூறு பேரும் கை கழுவி முடித்திருக்க வேண்டிய நேரம். நான் எழுந்து போனேன். யாரும் தடுக்கவில்லை, தொடக் கூடாது என்று சொல்லியாகிவிட்ட பொருளை ஒருவன் தொடுவான் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. நாரையின் வலது சிறகைப் பிடித்து முறித்தேன். ஜன்னல் உடைந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொண்டுவந்து மேசையில் போட்டு, டம்ளரின் அடியால் தட்டிப் பொடித்து, தேநீருக்கு முந்தைய நீர் என் கிண்ணத்தில் குடிக்காமல் இருந்ததே, அதில் போட்டேன். நீர் ஆறிப்போயிருந்தது. குச்சியால் பரபரவென்று கலக்கி, அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். அவள் விழுங்கினாள். மறுபடியும் ஒரு வாய் விழுங்கினாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பிறகு மூன்றாம் மேசையில் யாரோ கை தட்டினார்கள். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர் கண்ணைத் திறந்து, எங்களுக்கு எந்தக் கட்டத்தில் நாரை உடைப்பார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டார். அவள் சட்டென்று, அது பதினோராம் மேசைக்கு மட்டும் என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கோபம் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசான் நாரையின் அடியில் உட்கார்ந்து அழுதார். அந்த நாலு பேரும் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

ஒன்று இருபத்திரண்டுக்கு மனைவியின் கண் திரும்பி வந்து என் மேல் நின்றது. என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், ஒற்றைச் சிறகோடு நின்ற நாரையைப் பார்த்தாள். உதட்டை ஒரு தரம் நக்கினாள்.

"ஏங்க... பாகு கொஞ்சம் முத்திப்போச்சு."

ஆசான் அழுகையை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அவருக்குக் காட்ட வேண்டாம் என்று கடலைப் பார்த்துக்கொண்டேன்.

எழுந்து நடக்கிற அளவுக்கு அவள் தேறியதும் மேலாளர் ஒரு படிவத்தோடு வந்தார். நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றார். பாதிப்புக்குக் காரணம் என்ற இடத்தில் அதே நாலு எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது.

"இதுதான் காரணம்னு நீங்களே ஒத்துக்கிறீங்களா சார்?"

"பசிதான் காரணம். ஒத்துக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் கையெழுத்திட்ட காரணங்களிலேயே உண்மையான காரணம் அதுதான். போகும்போது கையுறைப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து, குனிந்து வணங்கி, மிட்டாய்களைத் திருப்பிக் கொடுத்தாள். மனைவி அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். கேன்டீன்காரி, வாய் சும்மா இருக்காது.

பன்னிரண்டு நாள் கழித்து ஓட்டலில் இருந்து ஒரு கடிதம் வந்தது. கெட்டிக் காகிதம், தலைப்பில் அந்த மைக்கோடு. ஆங்கிலத்தில் இருந்ததால் மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள், அந்த நாலெழுத்தை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். மூன்று பேர் கொண்ட குழு விசாரித்திருக்கிறது. பதினோராம் மேசைக்குப் போன தட்டுகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்ததில் எந்தத் தட்டிலும் உணவு வைக்கப்பட்டதற்கான தடயம் இல்லை. ஆகவே எங்களைப் பாதித்த அந்தப் பொருள் சமையலறையில் இருந்து வந்திருக்க வழியே இல்லை. இந்த விஷயத்தில் உணவகத்தின் பங்கு வெறுமையாக இருந்தது என்பதைக் குழு திருப்தியோடு பதிவு செய்கிறது. விருந்தினரே அதை வெளியில் இருந்து உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது முடிவு. இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க வாசலில் தக்க அறிவிப்பு வைக்கப்பட்டுவிட்டது. நாரைக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

மகளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அந்த வாசலுக்கே போய், அறிவிப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பித்தளைப் பலகை, மூன்று மொழி. அந்த நாலு ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழ் எழுதிக் கொடுத்தவர் யாரோ, துணைக்கால் போடாத ஆள். மேலே ஆங்கிலம், நடுவில் யாருக்கும் தெரியாத ஒரு மொழி, அடியில் கொட்டை எழுத்தில் தமிழ்:

பசியுடன் உள்ளே வர அனுமதி இல்லை.

மகள் போனை அம்மாவிடம் நீட்டி, இதைப் பார் என்றாள். மனைவி அப்போதுதான் ஊசி போட்டுவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

"இப்பதான் சரியா எழுதியிருக்காங்க" என்றாள்.